இருபத்தாறு கடதாசி

வெள்ளவத்தை
3 மார்ச் 2025

யூஜினா மச்சாளுக்கு,

இன்னும் இப்படி அழைக்கலாமா என்று புதுக்கடை நீதிமன்றத்தில் என் சட்டத்தரணியைக் கேட்டேன். விவாகரத்து உங்கள் தம்பி ரெனால்டிடமிருந்து மட்டுமே கிடைத்திருக்கிறது, அவருடைய அக்காவைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை என்றார். ஆகவே நீங்கள் மச்சாள்தான். மேன்முறையீட்டுக் காலமும் கடந்துவிட்டது.

ஒரு பஸ் தூரத்துக்குப் பதிவுத்தபால் எதற்கு என்று யோசிப்பீர்கள். உங்கள் எண்ணை என் போனில் தடுத்து வைத்து இரண்டு வருடமாகிறது. தடையை எடுத்தால் நீங்கள் காலையில் அனுப்பும் ரோஜாப்பூ வேதவசனங்களும் கூடவே வரும். தவிர, வாயால் கதைத்ததைப் பின்னாளில் நீங்கள் எப்படி நினைவுகூருவீர்கள் என்பதை நீதிமன்றத்தில் மூன்றாவது வரிசை வாங்கில் இருந்து கேட்டவள் நான். எழுத்தில் இருப்பது இருவருக்கும் நல்லது.

விஷயம் விரிப்பு. மகள் நிரோஷாவுக்குப் பதினைந்து வயதானபோது, அவளுடைய கலியாணத்துக்கென்று கொட்டாஞ்சேனை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீங்களும் நானும் தொடங்கியது. நீங்கள் பழைய கடதாசியில் அறுகோணங்கள் வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் துணியைப் போர்த்தி, ஓரத்தை மடித்து நூலோட்டம் போட்டுத் தருவீர்கள். நான் அவற்றைப் பக்கத்தோடு பக்கமாகச் சேர்த்துத் தைப்பேன். ஆறு வருடச் சனிக்கிழமைகள். நிரோஷாவின் பாடசாலைச் சட்டை, ரெனால்டின் கோடு போட்ட சேர்ட்டுகள், உங்கள் வீட்டுக் கவுன்கள், என் கைத்தறிச் சேலைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. நடுவில் ஏழு துண்டுகள் சேர்ந்த ஒரு பூ. நீலத்தில் சிறு வெள்ளைக் குடைகள் போட்ட துணி. முழு விரிப்பிலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

2021இல் நான் வீட்டை விட்டு வந்தேன். 2023இல் சட்டத்தரணிகள் சொத்துப் பட்டியல் எழுதினார்கள். குளிர்சாதனப் பெட்டிக்கும் மீன்தொட்டிக்கும் நடுவே நாற்பத்தேழாவதாக வந்தது: ‘பூர்த்தியடையாத கைத்தையல் விரிப்பு, ஒன்று.’ குடும்பத்துத் துணி, விடமாட்டோம் என்றீர்கள். கடைசியில் நடுவால் நூல் பிரித்து ஆளுக்குப் பாதி. குடைப்பூ முழுதாக என் பக்கம் வந்தது. மீன்தொட்டியின் கல்லுக்குக்கூட வாதாடிய நீங்கள் அந்தப் பூவுக்கு வாதாடவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பரில் நிரோஷாவுக்குக் கலியாணம் என்று அறிந்தேன். அவள் எனக்குச் சொல்லவில்லை. பக்கத்து பிளாட் ஜவாஹிறா சொன்னார். உங்கள் பாதியை அனுப்பினால் இரண்டையும் சேர்த்துத் தைத்து அவளுக்குக் கொடுக்கலாம். பாதிப் பாதியாகக் கொடுத்தால் மாப்பிள்ளைக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று ஆகிவிடும். நம் குடும்பத்தில் அதைப் பிறகுதான் செய்வார்கள்.

அருந்ததி


கொட்டாஞ்சேனை
17 மார்ச் 2025

அருந்ததிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. கையெழுத்து வாங்க வந்த தபால்காரர் வாசலில் நின்று, “டீச்சர், திரும்பவும் கோர்ட்டா?” என்று கேட்டார். எதிர்வீட்டு மேல்மாடி வரை கேட்டது. முப்பத்துநான்கு வருடம் மனைப்பொருளியல் படிப்பித்த எனக்கு இந்த வயதில் இந்தச் சன்மானம்.

நான் எந்தக் கடிதத்தையும் முதலில் வரைவாக எழுதி, திருத்தி, பிறகே நல்ல பிரதி எடுப்பவள். நீர் அப்படிச் செய்வதில்லை என்பது தெரிகிறது. செய்திருந்தால் அந்தக் கடைசி வரியை வெட்டியிருப்பீர்.

விரிப்பின் பாதியைத் தருவதற்கில்லை. அதன் ஓரத்தை மடித்து, பின்புறத் துணி வைத்து, அளவு சிறிதானாலும் நேர்த்தியாக முடிக்கவிருக்கிறேன். தம்பியின் புது மனைவி ஜீவராணி உதவுகிறாள். அவளுக்குக் கை நிதானம் உண்டு. உமக்கு வேகம் மட்டுமே இருந்தது.

நீர் எப்படியும் கேள்விப்படுவீர் என்பதால் நானே எழுதுகிறேன். அழைப்பிதழ் அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. ‘ரெனால்ட் – ஜீவராணி தம்பதியரின் அன்பு மகள்’ என்று இருக்கும். இது என் யோசனை அல்ல. உமது பெயரை எங்கே போடுவது என்று நானே நிரோஷாவிடம் கேட்டேன். “அம்மாதானே எங்கள விட்டுட்டுப் போனவ, மாமி. போன ஆக்களுக்குக் கார்ட்ல என்ன இடம்?” என்றாள். கோயிலில் பின்வரிசையில் நீர் வந்து இருப்பதை யாரும் தடுக்கமாட்டார்கள். ஆண்டவருடைய வீடு எல்லாருக்கும் பொது.

யூஜினா


வெள்ளவத்தை
29 மார்ச் 2025

மச்சாளுக்கு,

பின்வரிசைக்கு நன்றி. மின்விசிறி அங்கேதான் நன்றாக வேலை செய்யும்.

உங்கள் பாதி கிடைக்காது என்றானதால் என் பாதியை முடிக்க எடுத்தேன். அதனால் ஒரு சிறிய விஷயம் தெரியவந்தது. நீங்கள் எனக்கு முதல் நாளே சொல்லித்தந்த விதி நினைவிருக்கும்: ஒரு துண்டின் ஆறு பக்கமும் தைத்து முடியும்வரை உள்ளே இருக்கும் கடதாசியை எடுக்கக்கூடாது, எடுத்தால் துணி நெளியும். ஆறும் முடிந்த துண்டுகளின் கடதாசிகளை அவ்வப்போது உருவி எறிந்துவிடுவோம். நடுவில் அப்படி உருவ முடியாமல் எஞ்சியிருந்த ஒரு வரிசையோடுதான் வேலை நின்றது. அந்த வரிசையில்தான் நூலையும் பிரித்தார்கள். ஆகவே வெட்டிய ஓரம் நெடுக உள்ள துண்டுகளில் கடதாசி இன்னும் அப்படியே இருக்கிறது. என் பக்கத்தில் இருபத்தாறு.

நீங்கள் அன்றைக்கு அந்த விரிப்பை எனக்கே விட்டிருந்தால், நான் வேலையை முடித்து, எல்லாக் கடதாசியையும் பார்க்காமலே குப்பைக்கு அனுப்பியிருப்பேன். பாதி வேண்டும் என்றவர் நீங்கள்.

ஒரு கடதாசியின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்து, நீல மை, இரண்டு இடத்தில் வெட்டித் திருத்தியிருக்கிறீர்கள். ‘14.6.2016’ என்று இருக்கிறது. அதன் கீழே ‘அன்புள்ள தம்பி, நேரில் கதைத்தால் அவளுக்குக் கேட்கும் என்பதால்’ என்று இருக்கிறது. அதோடு அறுகோணம் முடிந்துவிடுகிறது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு தம்பிக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். வரைவும் எடுத்திருக்கிறீர்கள். பிறகு அந்த வரைவை வீணாக்காமல் தையலுக்கும் வெட்டியிருக்கிறீர்கள். சிக்கனத்தைப் பற்றி நீங்கள் வகுப்பில் சொன்னதெல்லாம் உண்மை.

அருந்ததி


கொட்டாஞ்சேனை
7 ஏப்ரல் 2025

அருந்ததிக்கு,

நீர் அனுப்பிய நகலைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. அது தம்பியின் பிறந்தநாளுக்கு நான் எழுதிய வாழ்த்து. உமக்குத் தெரியாமல் ஒரு சிறு விருந்து வைக்க நினைத்தேன். வேறொன்றுமில்லை.

பிறர் கடிதத்தைப் படிப்பது எந்த மதத்திலும் நல்ல பழக்கமாகச் சொல்லப்படவில்லை. துணிக்குள் இருந்தாலும் அது பிறர் கடிதமே.

மற்றவற்றில் என்ன இருக்கிறது என்று ஒரு ஆர்வத்துக்காகவே கேட்கிறேன். என் பாதியின் ஓரத்தை நானும் பார்த்தேன். எல்லாம் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகள். உமது பக்கத்திலும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்படித்தானா?

யூஜினா


வெள்ளவத்தை
21 ஏப்ரல் 2025

மச்சாளுக்கு,

ரெனால்டின் பிறந்தநாள் நவம்பரில். இருபத்திரண்டு வருடம் கேக் அடித்தவள் என்பதால் எனக்கு நினைவிருக்கிறது.

இரண்டாவது நகலை இணைத்திருக்கிறேன். ‘சனிக்கிழமைகளில் ஹெந்தளைக்கு’ என்று ஒரு வரி. அதன் கீழ் ‘அருந்ததி கேட்டால் நீ என்னோடு’ என்று இன்னொரு வரி. மீதியைக் கத்தரிக்கோல் கொண்டுபோய்விட்டது.

ஜீவராணியின் வீடு ஹெந்தளையில். நீதிமன்றத்துக்கு நீங்கள் எழுதிக்கொடுத்த சத்தியக்கடதாசியின் ஐந்தாம் பந்தி: ‘ஜீவராணி என்பவரை 2022ஆம் ஆண்டுக்கு முன்னர் நானோ என் சகோதரரோ அறிந்திருக்கவில்லை. எனது சகோதரரின் மனைவி ஆதாரமற்ற சந்தேகங்களுக்கு ஆட்பட்டவர்.’ அதை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். என் மகளும் வைத்திருக்கிறாள். என்னிடம் இரண்டு வருடமாகக் கதைக்காததற்கு அவள் சொல்லும் காரணமே அந்தப் பந்திதான்.

பயப்பட வேண்டாம். வழக்கைத் திரும்பத் திறக்கும் எண்ணமில்லை. புதுக்கடையில் சோறு நன்றாக இருக்கும், மற்றபடி அங்கே போக எனக்கு விருப்பமில்லை. நான் கேட்பது முதலில் கேட்டதையே. உங்கள் பாதியை அனுப்புங்கள். இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்தால், அந்த வரிசைத் துண்டுகளுக்கு ஆறு பக்கமும் முடிந்துவிடும். ஆறும் முடிந்தால் கடதாசி வெளியே வரலாம். அது உங்கள் விதிதானே.

வேறொரு சின்ன விஷயம். இணைப்பதற்கு நீல நூல் வாங்க ஷரீப் நானாவின் கடைக்குப் போனேன். பெட்டியை எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தார்.

“என்ன நானா?”

“இல்ல மிஸ், யூஜினா டீச்சரும் போன கிழம இதே நம்பர்தான் எடுத்தாங்க. கோர்ட்ல பிரிச்சிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நூலுக்கு அது தெரியல போல.”

குடைத் துணியில் ஒரு துண்டு இருந்தால் ஓரத்துக்கு வைக்கலாமே என்று, போனில் படத்தைக் காட்டினேன். அது அவருடைய கடைத் துண்டு என்று நீங்கள்தானே சொன்னீர்கள். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். “நாப்பது வருஷமா கட வச்சிருக்கேன் மிஸ். இப்பிடி ஒரு துணி நம்ம கடையில வந்ததே இல்ல. இது தச்ச கவுன் ஒண்ட வெட்டின மாதிரியெல்லோ இருக்கு” என்றார்.

வயதாகிவிட்டது, மறந்திருப்பார்.

அருந்ததி


கொட்டாஞ்சேனை
5 மே 2025

அருந்ததிக்கு,

பாதி விரிப்பைத் தெரிந்த த்ரீவீலர் ஒன்றில் அனுப்பியிருக்கிறேன். பழைய தலையணை உறைக்குள் இருக்கிறது. உறையைத் திருப்பி அனுப்பவும்.

இதை நீர் பயமுறுத்தியதால் அனுப்பியதாக நினைக்க வேண்டாம். நிரோஷாவுக்கு ஒரு முழுமையான பொருள் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே. ஜீவராணிக்கு மனவருத்தம். அவள் என் பக்கத்து வாழ்த்து அட்டைகளை உருவி, ஓரமெல்லாம் மடித்து முடித்திருந்தாள். நான் இருந்து பிரித்தேன். என்ன காரணம் என்று கேட்டாள். உயிர்ப்பு ஞாயிறு முடிந்ததும் மனம் மாறியது என்றேன். அவள் நம்பவில்லை. தம்பி ஒன்றும் கேட்கவில்லை. அவன் எதையும் கேட்காமல் இருக்கப் பழகியவன்.

நூலோட்டத்தைத் தளரவிடாமல் தைக்கவும். உமக்கு அவசரம் அதிகம். தைத்து முடிந்ததும் இருபத்தாறு கடதாசியையும் உருவி எனக்குப் பதிவுத்தபாலில் அனுப்பிவைப்பீர் என்று நம்புகிறேன். அவை என்னுடையவை.

நீர் அவற்றை எல்லாம் படித்திருப்பீர். படித்தும் இவ்வளவு அமைதியாக எழுதுகிறீர். இதை நான் பண்பு என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

யூஜினா


வெள்ளவத்தை
30 ஜூன் 2025

மச்சாளுக்கு,

தலையணை உறை இத்துடன் வருகிறது. துவைத்து, கஞ்சி போட்டு, மடித்திருக்கிறேன்.

விரிப்பு சேர்ந்துவிட்டது. எட்டு வாரம். எது எங்கே பிரிந்தது என்று நீங்களே வந்து தேடினாலும் கிடைக்காது. அவசரப்படவில்லை.

கடதாசிகளைப் பற்றி. ஆறு பக்கமும் முடிந்ததும் அவை வெளியே வரலாம் என்று எழுதினேன். யாருடைய கையால் என்று எழுதவில்லை. நீங்கள் அந்தக் காலத்தில் நிரோஷாவை மடியருகே இருத்திச் சொன்னது உங்களுக்கு மறந்திருந்தால் எனக்கு மறக்கவில்லை. “கடைசிக் கடதாசியெல்லாம் கலியாணப் பொம்பிளைதான் எடுக்கவேணும் மகள். வேற ஆள் எடுத்தா அது வேற ஆளிண்ட விரிப்பு.” அப்போது அவள் வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்து ஓடினாள். நல்ல வழக்கம். நான் அதை மாற்றப்போவதில்லை. இருபத்தாறும் அவற்றின் இடத்திலேயே இருக்கின்றன.

ஜவாஹிறா மூலம் அவளுக்குச் சொல்லியனுப்பினேன். ஜூலை 12, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு வருகிறாள். என்னோடு கதைப்பதற்கல்ல, விரிப்பை எடுத்துப்போக. நூலைப் பிரித்துக் கடதாசியை எடுக்க ஒரு மணித்தியாலமாவது ஆகும். நீங்கள் பழக்கிய பிள்ளை, ஒவ்வொன்றையும் விரித்து, தடவி, அடுக்கி வைத்துத்தான் எழும்புவாள்.

மூன்றாவது நகல் இணைப்பில் இருக்கிறது: ‘கோயிலில் இருந்ததாக நானே சொல்லிக்கொள்கிறேன், நீ’.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். கட்டாயமில்லை.

அருந்ததி


கொட்டாஞ்சேனை
14 ஜூலை 2025

அருந்ததிக்கு,

இதற்கு வரைவு எடுக்கவில்லை. இனி எடுக்கப்போவதுமில்லை.

நிரோஷா உம்மிடம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை பின்னேரம், அவளை வீட்டுக்குக் கூப்பிட்டேன். உமது கடதாசிகள் சொல்வதற்கு முன் நானே சொன்னால் அது பாவசங்கீர்த்தனம். பிறகு சொன்னால் அது பிடிபடுதல். இந்த வித்தியாசம் உமக்கு விளங்காது.

ஐந்தாம் பந்தி பொய் என்று சொன்னேன். ஜீவராணி 2016இலிருந்து என் சனிக்கிழமைத் தையல் வகுப்புக்கு வந்த பிள்ளை. காலையில் முன் அறையில் எட்டுப் பேர் இருந்து தைப்பார்கள். நீர் அந்த அறைக்கு வந்ததில்லை. உமக்கு என் மாணவிகள் என்றால் இளக்காரம். வகுப்பு முடிந்ததும் “தம்பி, இந்தப் பிள்ளைய ஒருக்கா ஹெந்தளையில விட்டுட்டு வா” என்று முதல் தடவை சொன்னவள் நானே. மழை பெய்தது. அதற்குப் பிறகு மழை இல்லாத சனிக்கிழமைகளிலும் விட்டான். மூன்று மாதத்தில் எனக்கு விளங்கியது. நிறுத்தவில்லை. அவன் என்னோடு கோயிலுக்கு வந்து அங்கேயே வேலையாக நிற்கிறான் என்று உம்மிடம் எத்தனையோ தடவை சொன்னேன். பின்னேரங்களில் நீரும் நானும் ஒரே மேசையில் தைத்துக்கொண்டிருந்தபோது அவன் எங்கே இருந்தான் என்று எனக்குத் தெரியும்.

ஏன் என்று நிரோஷா கேட்டாள். எல்லாம் உமது கையில் எழுத்தாக இருக்கிறபடியால் மறைத்து என்ன பயன். நீர் வந்த நாளிலிருந்து தம்பி என்னிடம் கேட்காமல் முடிவு எடுக்கத் தொடங்கினான். சேர்ட்டின் நிறத்தைக்கூடக் கேட்பதில்லை. இந்த ஒரு காரியத்தில் அவனுக்கு நான் தேவைப்பட்டேன். இதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

குடைத் துணியைப் பற்றியும் சொன்னேன். அந்தக் கடதாசியில் அதை விரிவாக எழுதியிருந்தேன், நீர் படித்திருப்பீர். அது ஜீவராணியின் கவுன். அவளைத் தம்பி முதன்முதலில் கூட்டிப்போன அன்று அவள் போட்டிருந்தது. பிறகு தோளில் கிழிந்தது என்று, “டீச்சர் தைக்கிற விரிப்பில போடுங்க” என்று கொண்டுவந்து தந்தாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தம்பிக்கு எழுதிய அதே வரைவின் மேல் அந்தத் துணியைப் போர்த்தி உம்மிடம் தந்தேன். எங்காவது ஓரத்தில் வைப்பீர் என்று நினைத்தேன். நீர் அதை நடுவில் வைத்தீர்.

நிரோஷா தேத்தண்ணீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு, “அம்மாவுக்கு மனப்பிரமை எண்டு நீங்கதானே மாமி சொன்னீங்க” என்றாள்.

“ஓம்.”

“எத்தின தரம் சொன்னீங்க?”

நான் எண்ணவில்லை என்றேன்.

“நான் எண்ணினனான்” என்றாள். தேத்தண்ணீரைக் குடிக்காமல் போய்விட்டாள்.

உமக்குத் திருப்திதானே. ஆனால் ஒன்று: நீர் காட்டிக்கொடுத்து அவள் அறியவில்லை. இருபத்தாறிலும் இருந்ததை நானே என் வாயால் சொன்னேன். ஆகவே உமது கையில் இருப்பது இப்போது வெறும் கடதாசி.

யூஜினா


வெள்ளவத்தை
2 ஆகஸ்ட் 2025

மச்சாளுக்கு,

பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும். ஒரு தையல் வேலை இருந்தது.

நான் கொள்ளுப்பிட்டியில் காப்புறுதி அலுவலகத்தில் இழப்பீட்டு விண்ணப்பங்களைப் பார்ப்பவள் என்பது உங்களுக்குத் தெரியும். அது ஒரு வேலையா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். பத்தொன்பது வருடத்தில் அங்கே நான் கற்றது ஒன்றுதான். விண்ணப்பகாரரிடம் கேள்வி கேட்கக்கூடாது. கையில் இருக்கும் ஒரு துண்டை நகலெடுத்து அனுப்பி, ‘உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்’ என்று மட்டும் எழுத வேண்டும். மிச்சத்தை அவர்களே எழுதுவார்கள், நாம் அறியாததையும் சேர்த்து.

இருபத்தாறு கடதாசிகளில் உங்கள் வரைவு மூன்றுதான். அந்த மூன்றின் நகலும் உங்களுக்கு வந்துவிட்டது. மீதி இருபத்திமூன்றும் ஒன்பதாம் தர மனைப்பொருளியல் விடைத்தாள்கள். ‘சமபல உணவு என்றால் என்ன?’ என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை ‘எல்லாருக்கும் சமமாகப் பரிமாறுவது’ என்று எழுதியிருக்கிறது. நீங்கள் பிழை போட்டிருக்கிறீர்கள். நான் ஒரு பொய்யும் எழுதவில்லை. சந்தேகமானால் என் கடிதங்களைத் திருப்பிப் படியுங்கள். இருபத்தாறு கடதாசி இருக்கிறது என்றேன், இருந்தது.

குடைப்பூவில் ஏழு துண்டுகள். வெட்டிய ஓரத்தில் பட்ட மூன்றில் மட்டுமே கடதாசி மிஞ்சியிருந்தது. மற்ற நாலும் ஆறு பக்கம் முடிந்தவை. அந்த நாலையும் ஒன்பது வருடத்துக்கு முன் நானே உருவினேன். கசக்கி, உங்கள் சமையலறைக் குப்பைக்கூடையில் போட்டேன். ஒரு வரி பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இதை எழுதிவிட்டு எழும்பிப்போய்க் கை கழுவிவிட்டு வந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

2020இல் தொடங்கியது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு வருடத்துக் கோபத்தோடுதான் வீட்டை விட்டு வந்தேன். ஐந்து வருடத்துக் கோபம் என்று உங்கள் கடிதத்தில்தான் அறிந்தேன். இழப்பீட்டுத் தொகையைக் கூட்டி எழுத வேண்டியிருக்கிறது.

நிரோஷா 12ஆம் திகதி சொன்ன நேரத்துக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றாள். பிறகு கழற்றினாள். விரிப்பை மடியில் போட்டுக்கொண்டு இருபத்திமூன்று கடதாசியையும் ஒன்றொன்றாக எடுத்து அடுக்கினாள்.

“அம்மா, இதில ஒண்டும் இல்லையே. எல்லாம் சோதினைப் பேப்பர்.”

“ஓம்.”

“மாமி எல்லாத்தையும் சொல்லிட்டாவே.”

“அப்பிடியா? என்ன சொன்னவ?”

என்னைப் பார்த்தாள். “நீங்க அவவ ஏமாத்திட்டீங்க.”

“நான் தைச்சனான். அவ்வளவுதான்.”

அவள் சிரித்தாளா அழுதாளா என்று உங்களுக்கு எழுதப்போவதில்லை. அது என் பங்கு. குடைப்பூவுக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டாள். “இந்த மூண்டையும் நீங்களே எடுங்கோ அம்மா” என்றாள். அவளே எடுக்க வேண்டிய முறைக்கு ஏன் விரோதமாகச் சொல்கிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. உங்கள் கடிதம் 17ஆம் திகதி வந்தது. பிறகு விளங்கியது.

விரிப்பு செப்டம்பருக்குத் தயார். குடைப்பூவைப் பிரித்து எடுத்துவிட்டேன். அந்த ஏழு இடத்துக்கும், விவாகரத்துக் கிடைத்த அன்று புதுக்கடைக்கு நான் கட்டிக்கொண்டு வந்த சாம்பல் நிறச் சேலையை வைத்திருக்கிறேன். உங்களுக்கு நினைவிருக்கும், துக்க வீட்டுக்கு வந்தவள் மாதிரி இருக்கிறாள் என்று ஜீவராணியிடம் சொன்னீர்கள். நடுவில் பார்க்க நன்றாக இருக்கிறது.

அழைப்பிதழ் திரும்பவும் அச்சாகி வந்திருக்கிறது. ‘ரெனால்ட் – அருந்ததி ஆகியோரின் மகள்.’ இரண்டு பெயருக்கும் நடுவில் ஒரு கோடு. முழு அட்டையிலும் எனக்கு அந்தக் கோடு பிடித்திருக்கிறது. உறவுக்காரர் வீடுகளுக்கு நானும் நிரோஷாவும் நேரில் போய், வெற்றிலைத் தட்டோடு கொடுத்துக்கொண்டு வருகிறோம். கொட்டாஞ்சேனையில் மட்டும் பதினொரு வீடு ஏறினோம். உங்கள் எதிர்வீட்டிலும் கொடுத்தோம். நல்ல மனிதர்கள், மேல்மாடிக்குக் கூப்பிட்டு இருத்திப் பலகாரம் தந்தார்கள். உங்கள் வாசல் அங்கிருந்து தெளிவாகத் தெரிகிறது. திரைச்சீலை அசைந்தது.

உங்களுக்குரிய அட்டையைத் தபாலில் அனுப்பச் சொன்னாள் நிரோஷா. பதிவுத்தபாலா என்று கேட்டேன். சாதாரணத் தபால் போதும் என்றாள்.

இத்துடன் வரும் சிறு பொதி ஜீவராணிக்கு. அவளுடைய துணியை வைத்திருக்க எனக்கு உரிமையில்லை. பட்டியலில் அது இல்லை. ஏழு துண்டையும் சேர்த்து, உள்ளே பஞ்சு வைத்து, சட்டி பிடிக்கும் துணியாகத் தைத்திருக்கிறேன். மூலையில் மாட்டுவதற்கு ஒரு வளையமும் உண்டு. தையலை நீங்கள் எடுத்துப் பாருங்கள். இந்தத் தடவை குறை சொல்ல இடமிருக்காது.

அந்த மூன்று கடதாசியையும் எடுக்கவில்லை. அவை உள்ளேயே இருக்கின்றன. அடுப்புக்குக் கிட்டக் கொண்டுபோகும்போது மட்டும் கவனமாக இருக்கச் சொல்லுங்கள்.

அருந்ததி